பட்டடைக்கு என்ன விலை?

மாணவர்களே, உங்கள் தாத்தா வீட்டுக் கொட்டகையில் துருப்பிடித்த பெரிய இரும்புக் கட்டி ஒன்று கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை மாட்டுக் கொம்பு போலக் கூர்ந்திருக்கும். மேற்புறம் மேசைபோலத் தட்டையாக இருக்கும். இடை சிறுத்து, அடி அகன்றிருக்கும். கொல்லர் பழுக்கக் காய்ச்சிய இரும்பை அதன்மேல் வைத்துத்தான் சுத்தியலால் அடிப்பார். அதற்குப் பெயர் பட்டடை. திருக்குறளிலேயே வரும் பழைய சொல். பலர் இதைப் பட்டறையோடு குழப்பிக்கொள்கிறார்கள். பட்டறை வேலை நடக்கும் இடம். பட்டடை அங்கே அடி வாங்கும் கட்டி.

பழைய இரும்பு வாங்கும் லோரி வாசலில் நிற்கிறது. நீங்கள் என்ன விலை சொல்வீர்கள்?

நான் ஐந்தாம் படிவம் படித்தபோது ஒரு விலை சொன்னேன். என் பெரிய மாமா ரப்பர் தோட்டத்துப் பட்டறையில் கொல்லராக இருந்தவர். தோட்டம் கைமாறிப் பட்டறையை மூடியபோது அவருடைய பட்டடையும் அவரோடு வீட்டுக்கு வந்தது. அதன் பிறகும் அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் பால்மரம் சீவும் உளிகளையும் பாராங்குகளையும் அதில் வைத்துத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் இறந்து ஓராண்டு கழித்து லோரி வந்தது. "நீ படிச்ச பிள்ளை, நீயே பேசி விடுய்யா" என்றார் அத்தை. நானும் பேசினேன். தராசில் 83 கிலோ. கிலோ 60 சென். 49 ரிங்கிட் 80 சென்னை ஐம்பதாக்கி வாங்கிக் கொடுத்துவிட்டு, சாமர்த்தியமாகப் பேரம் பேசிய பெருமையோடு லோரியில் ஏற்றவும் கைகொடுத்தேன். பட்டடையின் விலாவில் 1, 2, 14 என்று மூன்று எண்கள் வெட்டியிருந்தன. ஏதோ மாடல் எண் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த எண்களின் பொருள் ஆறேழு ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. பழைய இங்கிலாந்துப் பட்டடைகளில் எடையை இப்படி மூன்று எண்களாகப் பொறிப்பார்கள். முதல் எண் ஹண்ட்ரட்வெயிட். ஒன்றுக்கு 112 பவுண்டு. இலங்கைத் தமிழர் அந்தர் என்பது இதைத்தான். இரண்டாவது எண் அதன் கால் பங்கு, அதாவது 28 பவுண்டு. மூன்றாவது எண் மீதிப் பவுண்டு. 112, 56, 14 ஆகியவற்றைக் கூட்டினால் 182 பவுண்டு. ஒரு பவுண்டு 0.4536 கிலோ என்றால் 82.6 கிலோ வருகிறது. ஆக, லோரிக்காரரின் தராசு ஒழுங்காகத்தான் காட்டியிருக்கிறது. அவர் என்னை ஏமாற்றவில்லை. எடைக்கு விலை கேட்டேன், எடைக்கு விலை கொடுத்தார். அளக்க வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றை அளந்தவன் நான்தான்.

பட்டடையை வெறும் இரும்புக் கட்டி என்று நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. இங்கிலாந்தின் டட்லி நகரில் பீட்டர் ரைட் நிறுவனமும், ஷெஃபீல்டில் மவுஸ்ஹோல் பட்டறையும் செய்த பட்டடைகளின் உடல் தேனிரும்பால் ஆனது. அது மென்மையானது, அடித்தால் குழி விழும். மேலே இருக்கும் முகம் மட்டும் கரிமம் மிகுந்த எஃகுத் தகடு. அதைக் காய்ச்சி, அடித்து உடலோடு ஒட்டவைப்பார்கள். தடிப்பு ஏறக்குறைய அரை அங்குலம், 12 மில்லிமீட்டர். பிறகு முகத்தைச் செஞ்சூடாக்கி, தண்ணீரைப் பாய்ச்சித் தோய்ச்சல் கொடுத்துக் கடினமாக்குவார்கள்.

இனி ஒரு கணக்குப் போடுங்கள். முகத்தின் நீளம் 38 செ.மீ., அகலம் 10 செ.மீ., தகட்டின் தடிப்பு 1.2 செ.மீ. கன அளவு 456 கன செ.மீ. எஃகின் அடர்த்தி ஒரு கன செ.மீட்டருக்கு 7.8 கிராம். தகட்டின் எடை மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். 83 கிலோ பட்டடையில் கொல்லருக்கு உண்மையில் வேலை செய்து கொடுப்பது அந்த மூன்றரைக் கிலோதான். மற்றதெல்லாம் அதைத் தாங்கி நிற்கும் பாரம். அந்தத் தகடு நன்றாக இருக்கிறதா, இல்லையா? பழைய பட்டடையின் விலை இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்பது என் கருத்து. தராசால் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

சென்ற ஆண்டு என்னிடம் படிக்கும் நான்காம் படிவ மாணவன் ஒருவன் கைப்பேசியில் இரண்டு படங்களைக் காட்டினான். அவன் அப்பா வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கையால் அடித்துச் செய்யும் கிரில் கதவுகளுக்கு ஆர்டர் வருவதால் ஒரு பட்டடை வாங்க நினைத்தார். ஈப்போவுக்கு அருகில் ஒரு பழைய சாமான் கடையில் இரண்டு இருந்தன. கிந்தா பள்ளத்தாக்கில் இது வியப்பில்லை. ஈயச் சுரங்கம் ஓடிய காலத்தில் கம்பிகளைக் கூர்தீட்டவும் உடைந்த உறுப்புகளை ஒட்டவும் கொல்லுலைகள் தேவைப்பட்டன. 1985இல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் வரிசையாக மூடியபோது அங்கிருந்த கருவிகளெல்லாம் கடைகளுக்கும் கொட்டகைகளுக்கும் சிதறின.

ஒரு பட்டடை கண்ணாடிபோல மின்னியது. விலை 2,800 ரிங்கிட். மற்றொன்று துருவேறி, ஓரங்கள் பல்போன கிழவர் மாதிரி இருந்தது, விலை 1,500. "எது வாங்கலாம் சார்?" என்றான். படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்றேன். சனிக்கிழமை மூவரும் கிளம்பினோம். நான் கொண்டுபோனவை: லோரி சக்கரத்துப் பேரிங்கிலிருந்து எடுத்த ஓர் அங்குல எஃகுப் பந்து, 30 செ.மீ. அளவுகோல், சின்னச் சுத்தியல், பாதுகாப்புக் கண்ணாடி. எல்லாம் சேர்த்துப் பத்து ரிங்கிட்கூட ஆகாது.

கடைக்காரர் நல்ல மனிதர். மின்னும் பட்டடையைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். கோயில் மணிபோல ஒலித்தது. "சத்தத்தைக் கேளுங்க, இது முதல்தரம்" என்றார். மாணவனின் அப்பா முகம் மலர்ந்துவிட்டது. உங்களுக்கும் மலர்ந்திருக்கும். ஆனால் ஒலி எதைக் காட்டுகிறது? உலோகக் கட்டி தங்குதடையின்றி அதிர்கிறது என்பதைத்தான். உள்ளே விரிசலோ தகட்டுக்கு அடியில் இடைவெளியோ இருந்தால் அதிர்வு அடங்கி, மணி ஓசைக்குப் பதிலாக ஓட்டைச் சத்தம் கேட்கும். அந்த அளவுக்கு ஒலி பயன்படும். முகம் கடினமானதா என்பதை அது சொல்லாது. தண்டவாளத் துண்டுகூட நன்றாக ஒலிக்கும். கழுகுச் சின்னம் போட்ட அமெரிக்க ஃபிஷர் பட்டடை வார்ப்பிரும்பு உடலும் எஃகு முகமும் கொண்டது. அது ஒலிக்கவே ஒலிக்காது, ஆனால் அருமையான பட்டடை. காதை மட்டும் நம்பினால் ஃபிஷரை வேண்டாம் என்று தள்ளிவிட்டுத் தண்டவாளத்தை வாங்கி வருவோம்.

அடுத்தது பந்து. முகத்தில் ஒரு சிறு இடத்தைத் துடைத்து, துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, அளவுகோலை நிமிர்த்தி வைத்து, 25 செ.மீ. உயரத்திலிருந்து பந்தை விட்டோம். மாணவன் கைப்பேசியில் மெதுவேகப் படம் எடுத்தான். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து முறை விட்டுச் சராசரி பார்த்தோம். ஒரே ஒரு முறை விட்டுப் பார்த்து முடிவு சொல்கிறவரை நம்பாதீர்கள், அது நானாக இருந்தாலும்.

மின்னும் பட்டடையின் நடுவில் பந்து 17 செ.மீ. எழும்பியது. சற்றுத் தள்ளி இரண்டு இடங்களில் 12 செ.மீ. மட்டும். துருவேறியதன் நடுவில் 20.5 செ.மீ.; முகத்தின் பெரும்பகுதியில் அதை ஒட்டியே வந்தது. நூற்றுக்கணக்கில் சொன்னால் 68, 48, 82. நல்ல பட்டடை என்றால் 70க்கு மேல் எதிர்பார்ப்பது கொல்லர் வழக்கம். 80ஐத் தாண்டினால் மிக நன்று. அலங்காரத்துக்குச் செய்ததுபோல் விற்கும் மலிவான வார்ப்பிரும்புக் கட்டிகளில் பாதி உயரம்கூட வராது. அவற்றை 'பட்டடை வடிவப் பொருள்' என்று கொல்லர்கள் கேலி செய்வார்கள்.

இதில் இருக்கும் அறிவியல் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தப் பந்தின் நிறை 67 கிராம். 25 செ.மீ. உயரத்தில் அதன் நிலை ஆற்றல் 0.16 ஜூல். விழும்போது அது இயக்க ஆற்றலாகிறது. மோதும் நொடியில் பந்தும் முகமும் மிகச் சிறிதளவு அமுங்குகின்றன. முகம் கடினமாக இருந்தால் அந்த அமுக்கம் மீள்தன்மை எல்லைக்குள் நிற்கும். வில்சுருள்போல ஆற்றலைத் திருப்பிக் கொடுக்கும். மென்மையாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத குழி விழுந்து, ஆற்றல் அங்கேயே வெப்பமாகப் போய்விடும். பந்து எழும்பும் உயரம் அதனால்தான் முகத்தின் கடினத்தை மறைமுகமாகக் காட்டுகிறது. கொல்லருக்கும் இதே கதைதான். நல்ல முகத்தில் அடித்தால் சுத்தியல் தானே கொஞ்சம் எழும்பிக் கையில் வரும். செத்த முகத்தில் ஒவ்வோர் அடிக்கும் கை அதைத் தூக்க வேண்டும். நாளொன்றுக்குச் சில ஆயிரம் அடி அடிக்கிறவரின் தோளிடம் இந்த வித்தியாசத்தைக் கேட்டுப் பாருங்கள்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. கொம்புக்கு எதிர்ப்புற வால்பகுதி அடியில் தாங்கலின்றி நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கே எந்தப் பட்டடையிலும் பந்து குறைவாகவே எழும்பும். முகத்துக்கும் கொம்புக்கும் நடுவே ஒரு படி இருக்கும். உளி வைத்து வெட்டுவதற்காக அதை மென்மையாகவே விட்டிருப்பார்கள். அங்கே பந்தைப் போட்டுவிட்டு மட்டம் என்று சொன்னால் பாவம், பட்டடை என்ன செய்யும்? இரண்டு பட்டடைகளை ஒப்பிட வேண்டுமானால் ஒரே இடத்தில், ஒரே பந்தால், ஒரே உயரத்திலிருந்து சோதிக்க வேண்டும். பட்டடையும் தரையில் ஆடாமல் நிற்க வேண்டும்.

மின்னும் பட்டடைக்கு ஏன் இந்தக் கதி? அதன் விலாவில் 1, 1, 8 என்று இருந்தது. மாணவனே கணக்குப் போட்டான்: 148 பவுண்டு, 67.1 கிலோ. கடையின் தராசில் ஏற்றினோம், 66.0 கிலோ. ஒரு கிலோவுக்கு மேல் காணவில்லை. காணாமல் போன 1,100 கிராமை அடர்த்தியால் வகுத்தால் 141 கன செ.மீ. முகத்தின் பரப்பு 360 சதுர செ.மீ. என்பதால், சீராக அரைத்து எடுத்திருந்தால் ஏறக்குறைய 4 மி.மீ. போயிருக்கும். பன்னிரண்டில் நான்கு! யாரோ குழிகளையும் சிராய்ப்புகளையும் மறைக்க முகத்தை இயந்திரத்தில் அரைத்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். விலை ஏறுவதற்குக் காரணமான அதே வேலைதான் பட்டடையின் ஆயுளைத் தின்றிருக்கிறது.

இந்தக் கணக்கை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துப் பொறிப்பு ஒன்றிரண்டு பவுண்டு முன்பின் இருக்கலாம். கடைத் தராசும் பிசகலாம். ஆனால் எடை, பந்து, முகத்தில் தெரிந்த அரைவுக் கோடுகள் மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டின. பந்து வெறும் 12 செ.மீ. எழும்பிய இடங்களில் தகடு மெலிந்திருக்கலாம், அல்லது அரைக்கும்போது சூடேறித் தோய்ச்சல் இளகியிருக்கலாம். காரணத்தைப் பந்து சொல்லாது. வாங்குகிறவருக்கு அது அவ்வளவு முக்கியமும் இல்லை.

சூடு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தீ விபத்தில் சிக்கிய பட்டடை மிகவும் ஆபத்தான சரக்கு. ஓரங்கள் உடைந்திருக்காது, முகம் மட்டமாக இருக்கும், பெயரும் எண்ணும் தெளிவாகத் தெரியும். ஆனால் கடின எஃகைப் பல நூறு பாகைக்குச் சூடேற்றி மெல்ல ஆறவிட்டால் தோய்ச்சல் கலைந்து மென்மையாகிவிடும். கண்ணுக்கு இது தெரியாது, காதுக்கும் எட்டாது. பந்தைப் போட்ட மறுநொடி தெரிந்துவிடும். உடைந்த ஓரத்தை வெல்டிங் செய்து நிரப்பிய பட்டடைகளிலும் ஒட்டிய இடத்தைச் சுற்றி இதே போன்ற மென்மையான திட்டுகள் இருக்கலாம்.

பல்போன ஓரங்களைப் பற்றி மாணவனின் அப்பா கவலைப்பட்டார். நான் அவ்வளவு கவலைப்படவில்லை. கூரான ஓரம் வேலையில் வெட்டுக்காயம் உண்டாக்கும் என்று கொல்லர்களே அதைத் தேய்த்து மழுக்கிக்கொள்வதுண்டு. ஒரு பக்கத்தில் பத்துப் பதினைந்து செ.மீ. நல்ல ஓரம் இருந்தால் பெரும்பாலான வேலை நடந்துவிடும். அளவுகோலை முகத்தின் குறுக்கே நிமிர்த்தி வைத்துப் பார்த்தோம். நடுவில் ஒன்றரை மி.மீ. பள்ளம். அதுவும் பெரிதில்லை. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சின்னச் சுத்தியலால் முகம் முழுவதும் மெல்லத் தட்டிக்கொண்டே போனோம். கடின எஃகின் ஓரத்தில் ஓங்கி அடித்தால் சில்லு தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். இதைச் செய்யும்போது விளையாட்டு வேண்டாம். தகடு எங்காவது உடலை விட்டுக் கிளம்பியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஓசை மாறும். மாறவில்லை.

"அப்படியானால் எடைக்கு மதிப்பே இல்லையா சார்?" என்று மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. இருக்கிறது, ஆனால் நேர்விகிதத்தில் இல்லை. மொமென்தம் என்று பாடத்தில் படிக்கிறீர்களே, அந்த உந்தத்தின் அழிவின்மையை வைத்து மூன்று வரியில் நிறுவலாம்: சுத்தியலின் ஆற்றலில் இரும்பை வடிவமாற்றப் பயன்படும் பங்கு, பட்டடையின் நிறையை இரண்டின் மொத்த நிறையால் வகுத்தால் கிடைக்கும். சுத்தியல் ஒரு கிலோ என்று கொள்வோம். ஐந்து கிலோ பட்டடையில் 83 விழுக்காடு பயன்படும்; மீதி பட்டடையையே நகர்த்துவதில் போய்விடும். 50 கிலோவில் 98. 83 கிலோவில் 98.8. அதையும் இரட்டிப்பாக்கி 166 கிலோ வாங்கினால் 99.4. ஐந்திலிருந்து ஐம்பதுக்குப் போவது பெரிய லாபம். ஐம்பதுக்குப் பிறகு கிலோவுக்குக் கிலோ காசு கொடுப்பது தேவையில்லாத செலவு. பட்டடை சுத்தியலைப் போல் ஐம்பது மடங்கு இருந்தால் போதும் என்று கொல்லர்கள் சொல்வதற்குள்ளே இந்தக் கணக்கு ஒளிந்திருக்கிறது. சம்மட்டி அடிக்கிறவர்கள் மட்டும் இன்னும் கனமாகத் தேடட்டும்.

என்னைக் கேட்டால் பழைய பட்டடையின் விலையை இப்படி முடிவு செய்வேன். இரும்புக்கடை விலை அதன் தரை; அதற்குக் கீழே எந்தப் பட்டடையும் போகாது. அதே எடையில் வாங்கும் புதிய, தரமான பட்டடையின் விலை அதன் கூரை. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பதைப் பந்தும் அளவுகோலும் முடிவு செய்யட்டும். பீட்டர் ரைட் என்ற பெயருக்காகக் கூடுதலாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சேகரிப்பாளர்களுக்கு அது சரி. வேலை செய்ய வாங்குகிறவர் பெயரை அடிக்கப் போவதில்லை, முகத்தைத்தான் அடிக்கப் போகிறார். நல்ல பெயர் பொறித்த பட்டடையும் தீயில் கிடந்திருக்கலாம், அரைபட்டிருக்கலாம். இதைச் சொன்னதற்கு இரண்டு நண்பர்கள் என்னோடு இன்றும் சண்டை போடுகிறார்கள். போடட்டும்.

அப்பா துருவேறியதைத்தான் வாங்கினார். 1,500ஐ 1,400 ஆக்கினார். அதற்குமேல் பேச நான் விடவில்லை, ஏனெனில் 82 விழுக்காட்டுக்கு அது நியாயமான விலை. நான்கு பேர் சேர்ந்துதான் வண்டியில் ஏற்றினோம். கடைக்காரர் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு மின்னும் பட்டடையின்மேல் தானே பந்தை நாலைந்து முறை போட்டுப் பார்த்தார். அவரும் அதைப் பளபளப்பைப் பார்த்துத்தான் அதிக விலைக்கு வாங்கியிருந்தார். நாங்கள் கிளம்பும்போது பேரிங் பெட்டியைக் கிளறி ஓர் எஃகுப் பந்தை எடுத்துக்கொண்டு, கடையின் பின்பக்கம் கோணிக்கு அடியில் கிடந்த மூன்றாவது பட்டடையைப் பார்க்கப் போய்விட்டார்.